ஆறாவது அங்கத்தினர்

மேவிஸ் டாலன்டைரின் குளிர்கால மேலங்கியில் வலப்பக்கப் பையை ஒவ்வோர் அக்டோபரிலும் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கும். வட இங்கிலாந்து மலைக்கிராமமான ரேவன்பெக்கில் மெதடிஸ்ட் ஆலயத்தின் சாவி ஒரு சாண் நீளமுள்ளது. ஆலயத்தைக் கட்டிய ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சுரங்கக் கொல்லனிடமே அதை அடித்து வாங்கினார்கள். அதன் கனத்தை எந்தத் துணியும் ஓராண்டுக்கு மேல் தாங்கியதில்லை. 1971ஆம் ஆண்டு முதல் அந்தச் சாவி மேவிஸின் பையில்தான் இருந்தது.

சபைப் பொறுப்பாளர் என்பது அந்த அம்மாளுடைய பதவியின் பெயர். ஞாயிறு பத்தரை மணி ஆராதனைக்கு எட்டு மணிக்கே போய் ஹீட்டரைப் போடுவது, பிரசங்கியாருக்குத் தண்ணீர் வைப்பது, பாடல் எண்களைப் பலகையில் செருகுவது, தேநீர்க் கொதிகலனை நிரப்புவது, எலிப்பொறிகளைப் பார்ப்பது என்பவை அந்தப் பதவியின் உள்ளடக்கம். எங்கள் வட்டாரச் சேகரத்தில் ஏழு ஆலயங்களுக்கு ஒரே போதகர். மற்ற ஞாயிறுகளில் அட்டவணைப்படி விவசாயியோ ஆசிரியரோ ஏலக்காரரோ வந்து பிரசங்கிப்பார்கள். அவர்கள் மறந்துவிடாதபடி வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் நினைவூட்டுவதும் மேவிஸின் வேலை. பக்கத்து ஊர் தார்ன்ஹோப்பின் பள்ளிச் சமையலறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த காலத்திலும் இவற்றில் ஒன்றையும் அவர் விட்டதில்லை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அங்கே ஒரு கடிகாரம் பரிசளித்தார்கள். ஆலயத்திலிருந்து ஓய்வு பெற வழி எதுவும் இல்லை.

ஆலயம் 1823இல் எழுந்தது. ஓடையிலிருந்து கல் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பின்சுவரில் இன்னும் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, பாட்டிலும் ஜெபத்திலும் இன்னும் அனல் வேண்டும் என்று பிரிந்தவர்கள் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் வேறோர் ஆலயம் கட்டினார்கள். அவர்களும் மெதடிஸ்டுகளே. ஒரே நேரத்தில் ஆராதனை வைத்து, ஒருவர் பாட்டை ஒருவர் அமுக்கும்படி இரு தரப்பும் பாடிய காலம் அது. நாடெங்கும் பிரிவுகள் 1932இல் ஒன்றாயின. ரேவன்பெக்கில் ஒன்றாவதற்கு 1958 ஆயிற்று. எதிர் ஆலயத்தை விற்றார்கள். இப்போது அது விடுமுறை வீடு. வெளிச்சுவர்க் கம்பியில் நீச்சலுடைகள் காய்கின்றன. அங்கிருந்து வந்த குடும்பங்கள் இங்கே இடப்பக்கம் அமர்ந்தன. பழைய குடும்பங்கள் வலப்பக்கம் அமர்ந்தன. நடுப்பாதையைத் தாண்டிப் பேசிக்கொள்வது அபூர்வம். மேவிஸ் இடப்பக்கத்துப் பெண்.

2012 ஜனவரியில், தொண்ணூற்று நான்கு வயது வில்ஃப் எமர்சன் முதியோர் இல்லத்தில் இறந்தார். அடக்க ஆராதனைக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஹாம் சாண்ட்விச் வெட்டி மேவிஸின் மணிக்கட்டு வீங்கியது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வில்ஃபோடு ஏழாக இருந்த அங்கத்தினர் எண்ணிக்கை ஆறாயிற்று. ஆறு என்பது கடைசிப் படி. ஆறுக்குக் கீழே இறங்கி ஓராண்டு அப்படியே கழிந்தால், சபை என்ற தகுதி போய்விடும். எஞ்சியவர்கள் தார்ன்ஹோப் சபையில் ஒரு பிரிவாகச் சேர்க்கப்படுவார்கள். கட்டடத்தின் கதியை அறிய எதிர்ப்புறத்து நீச்சலுடைகளைப் பார்த்தாலே போதும்.

பிப்ரவரியில் சேகரச் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பதிவேடுகளை மாவட்ட ஆவணக் காப்பகம் கேட்கிறது, ஒப்படைக்கும் முன் உயிரோடிருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் சபையில் ஏற்கப்பட்ட தேதியைக் குறித்து அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. மேவிஸ் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் விரித்தார். ஐந்து பேரின் தேதிகள் அரை மணியில் கிடைத்தன. தம்முடையது நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் இருந்தது. பெயர் பென்சிலில் எழுதப்பட்டிருந்தது. தேதிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. மேலும் கீழும் இருந்த பெயர்களெல்லாம் கறுப்பு மையில் இருந்தன.

அவர் கணவர் நார்மன், கல்குவாரியில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆலயப் புல்லை வெட்டுவார். அடக்க ஆராதனை தவிர எதற்கும் உள்ளே வரமாட்டார்.

“என்ன, பூதத்தப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?” என்றார் அவர்.

“நான் சபையில சேரவே இல்ல, நார்மன்.”

“யாரு, நீயா? அங்க தூசி படியறதுக்கே உன்கிட்ட உத்தரவு கேக்குது.”

“விளையாடாத. இங்க பாரு, தேதி இல்ல.”

நார்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“அப்போ இத்தன வருஷமா நீயும் என்னப்போல வெளியாள்தானா? தெரிஞ்சிருந்தா ஞாயித்துக்கிழம காலையில எனக்கு முட்டையாவது பொரிச்சுக் குடுத்திருப்ப.”

மேவிஸ் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நினைவு கூடிவந்தது. 1963 பிப்ரவரி முதல் ஞாயிறு, இன்றும் சபையில் இருக்கும் டாம், ஜின்னி, ஜின்னியின் அண்ணன் கிளிஃப் ஆகியோரோடு அவரும் முன்னே நின்று வாக்குக் கொடுத்து, சபையில் ஏற்கப்பட இருந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. அந்த வாரம் பனி சுவர் உயரத்துக்குக் குவிந்தது. போதகரால் மலைப்பாதையைத் தாண்ட முடியவில்லை. ஆராதனை ஈஸ்டருக்குத் தள்ளிப்போயிற்று. ஈஸ்டர் அன்று மேவிஸ் டார்லிங்டனில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். நான்கு பெயர்களையும் முன்கூட்டியே பென்சிலில் எழுதிவைத்தவர், ஜெபக் குழுவை நடத்திய இடப்பக்கத்து வகுப்புத் தலைவி. சடங்கு முடிந்தபின் மையில் எழுத வேண்டியவர் வலப்பக்கத்துச் செயலாளர். மூன்றை எழுதிவிட்டு, நான்காவது என்ன ஆயிற்று என்று அவர் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நடுப்பாதையைத் தாண்டிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. தானாகப் போய்ச் சொல்ல வகுப்புத் தலைவிக்கும் மனம் வரவில்லை. ஜூனில் எல்லோருக்கும் வந்தது போல மேவிஸுக்கும் பெயர் எழுதிய அங்கத்தினர் சீட்டு வந்தது. அதன் பிறகு அந்தச் சீட்டு ஒருமுறையும் தவறியதில்லை. அந்த ஈஸ்டரைப் பற்றி, போதகரின் நனைந்த காலணி சொதசொதவென்று ஒலித்ததைப் பற்றி, மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, தாமும் அங்கே நின்றதாகவே அவர் நம்பிவிட்டிருந்தார்.

“இதுக்கா இவ்ளோ கவலப்படற?” என்று கேட்டார் நார்மன்.

“கவலயா இருந்தா பரவாயில்லயே. இந்தக் காலிக் கட்டத்தப் பாத்ததும் என் மனசு லேசாச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

நார்மன் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குமேல் அவர் கேலி பேசவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்னறையில் தேநீர் ஊற்றியபடியே மேவிஸ் விஷயத்தைச் சொன்னார். சபை முழுவதும் அந்த மேசையைச் சுற்றி இருந்தது. ஆடு வளர்ப்பவரும் ஆர்கன் வாசிப்பவருமான டாம், அவர் மனைவி பிரெண்டா, ஜின்னி, காது மந்தமான கிளிஃப், முன்னாள் தபால்நிலையத் தலைவி ஆட்ரி ஆகியோர்தான் அந்தச் சபை. வில்ஃப் போனபின் எண்பத்தோரு வயது ஆட்ரியே எல்லோரிலும் மூத்தவர்.

“இதென்ன பெரிய விஷயமா?” என்றார் டாம். “பேனா இந்தா. அறுபத்துமூணு ஈஸ்டர், ஏப்ரல் பதினாலு. எழுதிடு. முடிஞ்சுது.”

“அன்னிக்கு நான் இங்க இல்ல, டாம்.”

“நீ இல்லன்னு யாருக்குத் தெரியும்? நான் என் பூட்ஸையே பாத்துட்டு நின்னேன். பக்கத்துல கழுத நின்னிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“நீ இருந்த, புள்ள,” என்றார் ஆட்ரி உறுதியாக. “நான் மூணாவது வரிசையில இருந்தேன். நீலக் கவுன் போட்டிருந்த.”

“அது என் கவுன்,” என்றார் ஜின்னி. “அதுக்கப்புறம் எங்கம்மா அத மெத்த உறையா வெட்டிட்டாங்க.”

கிளிஃப் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னவாம்? யாரு செத்தது?”

“யாரும் சாகல!” என்று ஜின்னி அவர் காதருகே கத்தினார். “மேவிஸ் சபையில அங்கத்தினர் இல்லயாம்!”

“ஏன், எப்போ விலகினா? தேநீர் இன்னும் சூடாத்தானே இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள், மேவிஸும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் டாம் விரல்விட்டு எண்ணினார். ஒரு கையோடு எண்ணிக்கை முடிந்தது. அந்தக் கையை அவர் சற்று நேரம் விரித்தபடியே வைத்திருந்தார்.

“சரி, போதகர் மார்ச் பதினொண்ணு இங்க வர்றாங்க. அன்னிக்கே உன்ன முறப்படி ஏத்துக்கச் சொல்லிடலாம். அஞ்சு நிமிஷ வேல.”

“சடங்கு அஞ்சு நிமிஷந்தான்,” என்றார் மேவிஸ். “வாக்கு மீதி இருக்குற காலம் பூரா. பதினாறு வயசுல கேட்டிருந்தா யோசிக்காம சரின்னிருப்பேன். இப்போ யோசிக்கணும்.”

 கொதிகலனின் மூடி மட்டும் தடதடத்தது.

“என்ன யோசன?” என்றார் ஆட்ரி. “நீ இல்லாட்டி இந்த இடம் மூடிடும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அவ களச்சுப்போயிருக்கா, ஆட்ரி,” என்றார் பிரெண்டா தாழ்ந்த குரலில்.

“களைப்பு யாருக்கு இல்ல?” என்று ஆட்ரி கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்கு எண்பத்தொண்ணு. நான் வரலயா?”

கோப்பைகளை அன்றும் மேவிஸே கழுவினார்.

மறு வாரம் போதகர் ஜேனட் ஹோல்ராய்ட் மேவிஸின் வீட்டுக்கு வந்தார். நான்காவது ஆலயத்துக்கும் ஐந்தாவது ஆலயத்துக்கும் இடையில் இருபது நிமிடம் கிடைத்திருந்தது. காரில் தின்னத் தொடங்கிய சாண்ட்விச்சின் மீதியைக் காகிதத்தோடு கையில் வைத்திருந்தார். மேவிஸ் ஒரு தட்டு கொடுத்தார்.

“டாம் போன்ல சொன்னார்,” என்றார் போதகர். “நீங்க எப்ப சொன்னாலும் உங்கள ஏத்துக்க நான் தயார். வேண்டாம்னாலும் உங்கமேல குறை சொல்ல மாட்டேன். ஏழு ஆலயம் ஆறாச்சுன்னா எனக்கு ஒரு ஞாயிறு மிச்சம். இத நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“சொன்னதே நல்லது,” என்றார் மேவிஸ். “நீங்க சொன்னது மாதிரிதான் எனக்கும். வில்ஃப் போனப்போ அழுதேன். ஆனா கல்லறையில நிக்கும்போதே, இன்னும் ஒருத்தர் போனா எல்லாம் முடிஞ்சிடும்னு மனசு கணக்குப் போட்டுது. அப்படிப்பட்டவ எப்படிங்க முன்னால நின்னு வாக்குக் குடுக்கறது?”

 போதகரின் வாய்நிறையச் சாண்ட்விச் இருந்தது.

“அந்த வாக்குல என்னதான் இருக்கு? எத்தனையோ பேர் குடுக்கறப்போ கூட இருந்திருக்கேன். ஆனா ஒருநாளும் காது குடுத்துக் கேட்டதில்ல. அந்த நேரத்துல எப்பவும் கொதிகலனப் போடப் போயிடுவேன்.”

போதகர் பையிலிருந்து ஆராதனைப் புத்தகத்தை எடுத்து, சடங்குப் பகுதியை மெதுவாகப் படித்தார். ஜெபத்திலும் ஆராதனையிலும் நிலைத்திருப்பது, அன்றாட வாழ்வில் ஆண்டவருக்கு உண்மையாய் நடப்பது, உலகத்தில் அயலாருக்கு ஊழியம் செய்வது என்று அது போயிற்று. மேவிஸ் கண்ணை மூடிக் கேட்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“சாவி வச்சிருக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

போதகர் பக்கத்தைப் புரட்டியே பார்த்தார். “இல்ல.”

“தேநீர் போடணும்னு?”

“இல்ல, மேவிஸ்.”

“எலிப்பொறி?”

போதகருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேவிஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மேவிஸ் நெடுநேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளாகத் தாம் செய்தவற்றில் ஒன்றும் அந்த வாக்குக்குள் இல்லை. அதில் இருந்தவற்றுக்கோ அவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

“மார்ச் பதினொண்ணுக்கே வச்சுக்கலாம்,” என்றார் மேவிஸ். “டாம்கிட்ட நானே பேசிக்கறேன்.”

ஆனால் தம் மனதில் இருந்ததை அவர் டாமிடம் சொல்லவில்லை.

மார்ச் பதினோராம் தேதி வழக்கம்போல எட்டு மணிக்கு ஆலயத்தைத் திறந்தார். ஹீட்டரைப் போட்டார், எண்களைச் செருகினார். கொதிகலனை நிரப்பவில்லை. பத்தரைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசி இருக்கையில், கையில் தொப்பியோடு, நார்மனும் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் போதகர் பெயர் சொல்லி அழைத்தார். அறுபத்தைந்து வயதில், வலது முழங்காலைச் சற்றே இழுத்தபடி, மேவிஸ் முன்னே நடந்தார். பீடத்தின் முன்னுள்ள திருவிருந்துக் கம்பித் தடுப்பை அடைந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து அதன் மேற்பலகையில் வைத்தார். மரத்தில் இரும்பு மோதிய ஓசை கிளிஃபுக்கே கேட்டது; அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கேள்விக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்,” என்றார் மேவிஸ், போதகரைப் பார்த்து அல்ல, திரும்பி மற்றவர்களைப் பார்த்து. “சபைக்கு ஆறாவது ஆள் வேணும். அது நானாயிருக்கேன். பொறுப்பாளர் வேலைய இன்னியோட விட்டுடறேன். ரெண்டும் சேத்துக் கேட்டீங்கன்னா என்னால முடியாது. இதுக்கு ஒத்துக்கலன்னா இப்பவே சொல்லுங்க, நான் போய் உக்காந்துக்கறேன்.”

 டாம் ஆர்கன் முன்னால் அமர்ந்து மறுபடியும் தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்ரியின் உதடுகள் இறுகியிருந்தன. நடுப்பாதையின் இரு பக்கத்திலும் சேர்த்து அங்கத்தினர் ஐந்து பேர். அவர்களில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிறகு விசாரித்தபோது, ஜின்னி ஒரு நிமிடம் என்றார், பிரெண்டா ஐந்து என்றார்.

பிறகு ஆட்ரி கைத்தடியை இருக்கையில் சாய்த்துவைத்துவிட்டு, ஒவ்வோர் இருக்கை முனையாகப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தார். சாவியை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கினார்.

“அடக் கடவுளே, என்ன கனம்! இத ஏன் புள்ள நீ சொல்லவே இல்ல?”

“யாரும் கேக்கல, ஆட்ரி.”

ஆட்ரி அதைத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். கைப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போதகர் கேள்விகளைப் படித்தார். மேவிஸ் ஒவ்வொன்றுக்கும் தயங்கி, கேட்டு, யோசித்துப் பதில் சொன்னார். அவர் குரல் களைத்திருந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. சபைச் செயலாளரான பிரெண்டா அங்கேயே பதிவேட்டைத் திறந்து, நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பென்சில் எழுத்தின்மேல் கறுப்பு மையால் எழுதி, அன்றைய தேதியை இட்டார்.

ரேவன்பெக்கில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் புதிதாக ஏற்கப்பட்டவர் அன்று எழுந்து எதையும் எடுக்கக் கூடாது. மூத்த அங்கத்தினர் தம் கையால் தேநீர் போட்டுத் தர வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகப் புதியவர் எவரும் வராததால் அந்த வழக்கத்துக்கு வேலை இருந்ததில்லை. ஆட்ரி பின்னறைக்குப் போனார். கொதிகலன் குளிர்ந்து காலியாய்க் கிடந்தது. எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் முதலில் வெளிவிளக்கைப் போட்டார். பிறகு பிரெண்டா உதவிக்குப் போனார். பால் எங்கே என்ற குரல் கேட்டது. சர்க்கரை எங்கே என்றது. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. எழுவதற்காக மேவிஸின் கால்கள் இரண்டு முறை தரையில் ஊன்றின. இரண்டு முறையும், பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த நார்மன் அவர் முழங்கை மேல் கை வைத்தார். நாற்பது நிமிடம் கழித்துத் தேநீர் வந்தது. வெதுவெதுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் ஆட்ரி.

“குடிக்கலாம்,” என்றார் மேவிஸ். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சேகர அலுவலகத்திலிருந்து சில நாளில் ஒரு கடிதம் வந்தது. இந்தக் காலாண்டில் புது அங்கத்தினரைச் சேர்த்த ஒரே சபை என்று ரேவன்பெக்கை அது பாராட்டியிருந்தது. டாம் அதை அறிவிப்புப் பலகையில் நேராகக் குத்த முயன்று முடியாமல் சாய்வாகவே விட்டுவிட்டார். சாவி மாதத்துக்கு ஒருவர் கையில் என்று முடிவாயிற்று. முதல் மாதம் ஆட்ரி; சுமக்க முடியாததால் அதை அவர் ஒரு துணிப்பையில் போட்டுச் சக்கரக் கூடையில் வைத்து இழுத்துவந்தார். இந்த ஏற்பாடு ஓராண்டு தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியும் என்று யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஹீட்டரை ஒன்பதரைக்குத்தான் போட்டிருந்தார்கள். மேலங்கியைக் கழற்ற முடியாத குளிர். பலகையில் மூன்றாம் பாட்டின் எண் தலைகீழாக நின்றது. மேவிஸ் பத்து இருபத்தைந்துக்கு, மற்றவர்களைப் போல, வெளிக்கதவு வழியே உள்ளே வந்து இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் அமர்ந்தார். அன்று அட்டவணையில் இருந்தவர் ஆட்டுச்சந்தை ஏலக்காரர் டென்னிஸ். மலைக்கு அப்பால் கேட்கும் குரல் அவருக்கு. பிரசங்கம் தொடங்கிச் சில நிமிடங்களில் மேவிஸின் தலை மார்பில் சாய்ந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒரு பிரசங்கத்திலும் அவர் கண்ணயர்ந்ததில்லை. கொதிகலனின் ஓசைக்காக ஒரு காதை எப்போதும் பின்னறைப் பக்கம் வைத்திருந்தார்.

டென்னிஸ் அதைக் கவனித்துக் குரலை உயர்த்தினார். முன்வரிசையிலிருந்த ஆட்ரி திரும்பிப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துத் தலையசைத்தார். ஏலக்காரர் திகைத்து, தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தணிந்த குரலில் பேசி முடித்தார். கடைசிப் பாட்டுக்கு டென்னிஸோடு சேர்த்து ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். டாம் ஆர்கனைப் பாதிச் சத்தத்தில் வாசித்தார். கிளிஃபுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் வழக்கம்போலச் சுருதி விலகி உரக்கப் பாடினார். மேவிஸ் விழிக்கவில்லை.